சேவியருக்கு மாலை வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனோம்

'உப்புக்காற்று' இசைக்குழுவை நேரில் கேட்க வெள்ளவத்தையிலிருந்து எப்படிப் போவது என்று மூன்று பேர் இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நானும் சுகந்தியும் போய் வந்தோம். வழி, நேரம், செலவு எல்லாம் கீழே இருக்கிறது. நாங்கள் விட்ட பிழையும் இருக்கிறது. அதை மறைத்தால் உங்களில் ஒருவர் அதையே செய்வீர்கள்.

முதலில், இந்த வயதில் ரொக் இசை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு. முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்று, வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் கீழ் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். மேல் அறையில், என்னை டீச்சர் என்றே கூப்பிடும் சுகந்தி. வங்கியில் வேலை, வயது இருபத்தாறு. ஒரு நாள் அவளுடைய அறையில் ஒரே சத்தம். குறைக்கச் சொல்லத்தான் படியேறினேன். பாட்டு முடியட்டும் என்று கட்டில் விளிம்பில் இருந்தேன். பிறகு அடுத்ததும் முடியட்டும் என்று இருந்தேன். கிரேனையும், மழையில் நனைந்த மாச் சாக்கையும், சம்பளத்துக்கு முந்தின கிழமையையும் பற்றிப் பாடுகிறார்கள். கொட்டாஞ்சேனைக்காரர் நான்கு பேர், எல்லாருக்கும் துறைமுகத்தில் வேலை.

அவர்களைப் பற்றி எங்களிடம் இருந்தது ஒரு சீடியும் அதன் அட்டைப் படமும்தான். மிச்சத்தை நாங்களே கண்டுபிடித்தோம். உதாரணத்துக்கு, மூன்றாவது பாட்டின் நடுவில் எல்லாம் நின்று ஏழு விநாடி மௌனம். அது இறந்துபோன ஏழு நண்பர்களுக்கு என்றார்கள் சுகந்தியின் தோழிகள். நான் மணிக்கூடு வைத்து அளந்து, ஏழு ஸ்வரமாகவும் இருக்கலாம் என்றேன். இன்னோர் உதாரணம்: படத்தில் ட்ரம்ஸ் அடிக்கும் அன்ரன் கண்களை மூடியிருக்கிறார். தியானம் என்று முடிவெடுத்தோம். பாடகர் ரொபர்ட் ஒரு காதைப் பொத்தியிருக்கிறார். மனதுக்குள் இருக்கும் குரலைக் கேட்கிறாராம்.

அதே படத்தில் ஒரு வெறும் கதிரை. அதில் பேஸ் கிற்றார் சாய்த்து வைத்திருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தில் 'பேஸ் கிற்றார்: சேவியர்' என்று பெயர் இருக்கிறது, படத்தில் ஆள் இல்லை. இதற்கு மட்டும் எங்களில் யாரும் விளக்கம் தேடவில்லை. கதிரை இருந்து ஆள் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று யுத்தம் நடக்கும் இந்த நாட்களில் தமிழ் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயணத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சி பிற்பகல் மூன்று மணிக்கு. இருட்டுமுன் சனம் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதால் அந்த நேரம். 12.40க்குக் காலி வீதியில் 101 பஸ் ஏறினோம். புறக்கோட்டைக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர், ஆளுக்குப் பதினாறு ரூபா. கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். பதினெட்டு நிமிடம் போயிற்று. புறக்கோட்டையில் இறங்கும்போது 1.35.

அங்கிருந்து ஓட்டோ. கொச்சிக்கடையில் நிறுத்தி வெள்ளைப் பூமாலை ஒன்று வாங்கினோம், நூற்றைம்பது ரூபா. ஒரு மெழுகுதிரி பத்து ரூபா. யோசனை சுகந்தியுடையது, காசு என்னுடையது. மாலை யாருக்கு, கல்யாண வீடா என்று சாரதி சிங்களத்தில் கேட்டார். செத்துப்போன ஒரு பாட்டுக்காரருக்கு என்று சுகந்தி சொன்னாள். அவர் அதன்பிறகு மெதுவாக ஓட்டினார். நூறு ரூபா பேசியிருந்தவர், இறங்கும்போது எண்பதுதான் எடுத்தார்.

மண்டபம் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால். 2.20க்கு மேடையில் யாரும் இல்லை. படத்தில் இருந்ததுபோலவே அந்தக் கதிரையும் கிற்றாரும் மட்டும். சுகந்தி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கதிரை முதுகில் மாலையைப் போட்டு, முன்னால் மெழுகுதிரியைக் கொளுத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திறந்தபோது கையில் வயர்ச் சுருளோடு ரொபர்ட் நின்றார்.

"என்ன அன்ரி இது?"

"சேவியருக்கு," என்றேன்.

"சேவியருக்கு என்ன?"

"அவர் தவறிவிட்டார்தானே."

அவர் என்னைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார். "மத்தியானம் போன் பண்ணி, பொரிச்ச மீன்ல ரெண்டு துண்டு எடுத்து வைக்கச் சொன்னான். செத்தவன் அப்படிக் கேக்க மாட்டான் அன்ரி."

அன்ரன் பின்னாலிருந்து வந்து விஷயம் கேட்டுச் சிரிக்கத் தொடங்கியவர், நிற்க முடியாமல் தரையிலேயே இருந்துவிட்டார். சேவியர் பண்டகசாலையில் பொதி எண்ணுகிறவர். வேலை முடிவது மூன்று மணிக்கு. மூன்று நான்கு பாட்டு முடிந்துதான் வந்து சேருவார். நாள் முழுக்க நின்று எண்ணிய கால் நோவுக்குத்தான் கதிரை. படம் எடுத்தது இரண்டு மணிக்கு, அவ்வளவுதான். மிச்சத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அன்ரனுடையது தியானம் இல்லை, இரவு வேலை முடித்த தூக்கம். ரொபர்ட்டின் ஒரு காது கிரேன் சத்தத்தில் பழுதாகிவிட்டது. பொத்தாவிட்டால் உள்ளே விசிலடிக்குமாம். ஏழு விநாடி மௌனம், பதிவு செய்தபோது கோயில் மணி அடித்த நேரம். மணியை வெட்டினார்கள், இடைவெளியை வெட்ட மறந்துவிட்டார்கள்.

மாலையைக் கழற்றப் போன சுகந்தியை ரொபர்ட் விடவில்லை, அவன் வந்து பார்க்கட்டும் என்றார். வாசலில் தேநீரும் ரோல்ஸும் விற்றுக்கொண்டிருந்த சேவியரின் மனைவி ஸ்டெல்லாவும் வந்து பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கறுப்புச் சாரி கட்டியிருப்பேனே டீச்சர்," என்றார். நான் அப்படி வெட்கப்பட்டுச் சிரித்துப் பல வருடம்.

மூன்று மணிக்குச் சரியாகத் தொடங்கினார்கள். நான்கு பாட்டு முடிந்தது. 3.40க்கு ஒருவர் மேடையோரம் வந்து ரொபர்ட்டின் நல்ல காதில் ஏதோ சொன்னார். பிறகு அது வரிசை வரிசையாக எங்களுக்கும் வந்தது. துறைமுக வாசலை மூடிச் சோதிக்கிறார்கள். தமிழ் ஆட்களை வேறாக நிறுத்தியிருக்கிறார்கள். சிலரை வாகனத்தில் ஏற்றியதைக் கண்டவர் இருக்கிறார். சேவியரின் போன் அடிக்கவேயில்லை.

ஸ்டெல்லா மேடைக்கு வந்து மெழுகுதிரியை விரலால் அணைத்தார். மாலையைத் தொடவில்லை. ரொபர்ட் தோளில் மாட்டியிருந்த தன் கிற்றாரைக் கழற்றப் போனார்.

"பாடுங்க," என்றார் ஸ்டெல்லா. "நிறுத்தினா சனம் வீட்டுக்குப் போயிரும். அவர் வாறப்போ மண்டபம் வெறுமையா இருக்கக் கூடாது."

அவர்கள் பாடினார்கள். ஸ்டெல்லா முன்வரிசையில் இருந்தார். சுகந்தி என் கையை விடவில்லை. படிப்பித்த காலத்தில், முதல் வரியைப் பிழையாக எழுதிவிட்டு மிச்சத்தையெல்லாம் அழகாகச் செய்யும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். விடை பிழை, முதல் வரிக்குத் திரும்பிப் போ என்று சொல்லுவேன். அன்று என் முதல் வரியும் பிழைதான். ஆனால் விடை சரியாகிவிடுமோ என்று ஒன்றரை மணித்தியாலம் நடுங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போய் அந்த மாலையைக் கழற்றவும் பயம். எல்லாரும் பார்ப்பார்கள், ஸ்டெல்லாவும் பார்ப்பார்.

5.05க்குப் பக்கக் கதவால் ஒரு மெலிந்த மனிதர் வந்தார். கையில் சோற்றுப் பெட்டி, சட்டை முழுக்க வியர்வை. ஒருவர் ஒருவராகத்தான் விட்டார்களாம், போனையும் கடைசியில்தான் கொடுத்தார்களாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. மனிதர் நேரே மேடை ஏறி, கதிரையடியில் நின்றார்.

"யார்டா செத்தது?"

ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையிலிருந்து ஸ்டெல்லாதான் பதில் சொன்னார்.

"நீங்கதான். ரெண்டரை மணித்தியாலமா."

மண்டபம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஸ்டெல்லாவும் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் எழுந்து போய், என் வேலைதான், மன்னியுங்கள் என்றேன். சேவியர் மாலையைத் தூக்கிப் பார்த்தார். "எங்க கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு பெரிசா வாங்கல டீச்சர்," என்றார். பிறகு கதிரையில் இருந்து, காலை நீட்டி, கிற்றாரை எடுத்தார். முதல் பாட்டிலிருந்து திரும்ப வாசித்தார்கள். பேஸ் கிற்றார் காதுக்கு முன் காலுக்குத்தான் வருகிறது என்பதை அன்று அறிந்தேன். ஒரு மனிதர் தன் இடத்தில் இருக்கிறார் என்று தரை வழியாகத் தெரிந்துகொள்வதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அதனால் எல்லாருக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

6.20க்குப் புறப்பட்டு, 7.45க்கு அறையில் இருந்தோம்.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டையும் இருப்பிடத்தைப் பொலிஸில் பதிந்த துண்டும் கையில் இருக்கட்டும். சோதனைக்கென்று அரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். ஓட்டோவுக்கு நூறு ரூபா. எண்பது, இறந்தவருக்காகக் குறைத்த விலை, அதை எதிர்பார்க்க வேண்டாம். எந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவர்களிடமே கேளுங்கள், பொறுமையாகச் சொல்லுகிறார்கள். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கவென்று பாதியில் மட்டும் எழும்பாதீர்கள். அன்று நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள், ஒருவரும் எழும்பவில்லை. சேவியர் வரும்வரை இருங்கள்.