பத்து டொலர் பாஸில் மூன்று பார்வையாளர்

சனிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடம். கில்ட்வுட் ரயில் நிலையத்து மேடையில் நான் ஒருத்திதான் நின்றேன். கையில் ஒரு பை, பைக்குள் மூன்று நாட்காட்டிகள். நோன்பும் தவக்காலமும் சேர்ந்து வந்த மார்ச் மாதம் அது. மார்ச்சில் நாட்காட்டி கொண்டு திரிகிற பைத்தியம் ரொறன்ரோவில் என்னைத் தவிர வேறு யார் இருக்கப்போகிறார்கள்?

இந்தப் பக்கம் வராதவர்களுக்குச் சொல்கிறேன். சனி, ஞாயிறுகளில் பத்து டொலருக்கு ஒரு பாஸ் வாங்கினால் பச்சை நிற 'கோ' ரயிலிலும் பஸ்ஸிலும் அன்று முழுக்க எங்கும் போகலாம். கார் ஓட்டத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய வரம். அன்று நான் போகவேண்டிய இடங்களோ மூன்று திக்கில் கிடந்தன: மேற்கே பிறம்ரன், வடக்கே மார்க்கம், கிழக்கே விட்பி.

ஏன் போனேன் என்றால், ஸ்காபுரோவில் ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டு அறைகளுக்குள் நடக்கும் சிறிய தமிழ் ரீவியில், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு 'அயல் புதினம்' என்று அரைமணி நேரம் வாசிக்கிறவள் நான். யாருக்குக் கலியாணம், யாருடைய மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு, எந்த மண்டபத்தில் கூட்டம், கடைசியில் யார் இறைபதம் அடைந்தார். எட்டு வருடமாக வாசிக்கிறேன். வியாழன் பதிவு, ஞாயிறு ஒளிபரப்பு.

அந்தக் கிழமை எங்கள் டிரக்டர் என்னைக் கூப்பிட்டு இருத்தினார். என்னிலும் பத்து வயது இளையவர், நல்ல பிள்ளை. ஆனால் கணக்கு என்று வந்தால் கல்நெஞ்சு.

"அக்கா, ஒரு பிழை நடந்துபோச்சு. பழைய பதிவையே போன மூண்டு ஞாயிறும் ஏத்திப்போட்டன். என்ர பிழைதான்."

நான் வாயைத் திறக்க முன்னம் அவர் மிச்சத்தையும் சொன்னார்.

"ஆனா அக்கா, மூண்டு கிழமை ஒரே நிகழ்ச்சி போயிருக்கு. ஒரு போன்கோல் வரேல்லை. ஒருத்தர் ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

அந்த அரைமணி நேரத்தை வீடு விற்கும் முகவர் ஒருவர் கேட்கிறாராம். திங்கட்கிழமை கையெழுத்து. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எட்டு வருடம் சுவருக்கா வாசித்தேன்? "பாக்கிற ஆக்களைக் காட்டினால்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மூண்டு பேரைக் காட்டுங்கோ அக்கா. மரியாதைக்குப் பாக்கிறன் எண்டு சொல்லுற ஆக்கள் இல்லை. உண்மையாப் பாக்கிற ஆக்கள்."

அதனால்தான் நாட்காட்டி; வருடப் பிறப்புக்கு எங்கள் ரீவி அச்சடித்து மிஞ்சியது, வீடு தேடிப் போக ஒரு சாட்டு. தபாலில் நாட்காட்டி கேட்டு எழுதியவர்களின் விலாசக் கொப்பியில் தூரத்து விலாசங்களாக மூன்றைத் தெரிந்தெடுத்தேன். பக்கத்து ஆட்கள் முகத்துக்காகப் பொய் சொல்வார்கள், தூரத்து ஆட்கள் சொல்லமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

ரயிலில் மூன்று முறை இருக்கை மாறினேன். யூனியன் நிலையத்தில் இறங்கி, ஒரு தேநீர் வாங்கி, பாதியைக் குடித்து மீதியை எறிந்துவிட்டு, பிறம்ரன் ரயிலில் ஏறினேன். ஐம்பது நிமிட ஓட்டம். ஜன்னலுக்கு வெளியே கூரை தட்டையான பண்டகசாலைகளும் வரிசையில் நின்ற லொறிகளும் போய்க்கொண்டே இருந்தன. அழுக்குப் பனி ஓரங்களில் குவிந்து கிடந்தது. டிரக்டரிடமிருந்து ஒரு செய்தி: 'எத்தனை?' இன்னும் ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டவில்லை. பதில் போடவில்லை.

பத்தேமுக்காலுக்கு, கொப்பியில் முதலாவதாக இருந்த ரவூப் நானா வீட்டுக் கதவைத் தட்டினேன்; முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பது எங்கள் வழக்கம். வீடுகளுக்கு ஹீற்றர் திருத்துகிற வேலை அவருக்கு. வாசலில் வேலைக்குப் போகிற வான் வண்டி நின்றது. நோன்புக்காரர், ஆனாலும் என்னை இருத்தி, மனைவியைக் கொண்டு தேநீர் போடுவித்தார். இரண்டு பேரும் குடிக்காமல் இருக்க நான் மட்டும் குடிப்பது பெரிய சங்கடம்.

நாட்காட்டியைக் கொடுத்துவிட்டு, எங்கள் நிகழ்ச்சியைப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவினார்.

"தங்கச்சி, நோன்பு பிடிச்சிக்கொண்டு பொய் சொல்ல ஏலா. உங்கட ரீவிய நாங்க பாக்கிறல்ல."

"பின்னை என்ன பாப்பியள் நானா?"

"கவர்மெண்ட் ரீவி. கூரையில அன்ரனா ஒண்டு வெச்சீக்கிறன், சல்லி குடுக்கத் தேவயில்ல. வேலையால வந்து அதைத்தான் போடுற. பனிக்கரடி காட்டுவாங்க, திமிங்கிலம் காட்டுவாங்க. அதுல நம்மட ஆக்கள் ஒருத்தரும் இல்ல. ஆரும் ஆரையும் ஏசுறல்ல. மனசுக்கு நிம்மதி."

"அப்ப நாட்காட்டி என்னத்துக்குக் கேட்டனீங்கள்?"

"உங்கட கலண்டர்ல கட்டம் பெருசு தங்கச்சி. எந்த வீட்டுக்கு எண்டைக்குப் போறன் எண்டு எழுத வசதி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபிக்க முடியவில்லை. இதைவிட நேர்மையான பதில் கிடைக்காது. கதவடியில் நின்று, "அடுத்த வருசமும் அனுப்புங்க" என்றார். அடுத்த வருடம் ரீவி இருந்தால் பார்ப்போம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பதினொன்று நாற்பதுக்கு 407 நெடுஞ்சாலையால் போகும் பஸ். நடுவில் ஒரு மாற்றம், காற்றில் இருபது நிமிடக் காத்திருப்பு. பிறம்ரனிலிருந்து மார்க்கம் ஐம்பது கிலோமீற்றர் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குக் கிட்டப் போகிற தூரத்தை, ஒரு தேநீர்க்கடைகூட இல்லாமல் கடந்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த சீனத்துப் பெண் என் காலைப் பார்த்தார். நிறுத்தினேன். இரண்டு நிமிடத்தில் அது தானாக ஆடத் தொடங்கியது.

ஒன்றரை மணிக்கு மார்க்கத்தில் வசந்தியக்கா வீடு. பெரிய தனிவீடு, இரண்டு கார் விடுகிற கராஜ். கதவைத் திறந்தவுடனேயே கட்டிப்பிடித்தார்.

"ஐயோ, சுகந்தி எல்லோ! ஒரு ஞாயிறும் தவறவிடன். சோறு போடுறன், வாரும்!"

நெஞ்சு குளிர்ந்துபோனது. கத்தரிக்காய்க் குழம்பும் மீன்பொரியலும் வந்தன. நான் கேட்காமலே அவர் நிகழ்ச்சியைப் புகழ்ந்தார். குரல் நல்லது, உச்சரிப்பு நல்லது. பிறகு சொன்னார்:

"எல்லாத்திலயும் எனக்குப் பிடிச்சது என்ன தெரியுமோ? கிழமைக்கு ஒரு சீலை. இந்த மாதம் முழுக்க ஒவ்வொண்டும் ஒவ்வொரு வடிவு! அதுக்காகவே பாக்கிறனான்."

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. அந்த மாதம் போன மூன்று ஞாயிறும் நான் அதே அரக்கு நிறச் சேலைதான். அதே கொண்டை, அதே பொட்டு. 'ஓம் அக்கா' என்று சொல்லிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டேன். மீன்பொரியல் நன்றாகத்தான் இருந்தது.

என்னைப் பிக்கரிங் ரயில் நிலையத்தில் இறக்கிவிட அவருடைய மகள் அபி காரை எடுத்தாள். இருபத்தைந்து கிலோமீற்றர். இங்கேயே பிறந்த பிள்ளை. பாதி வழியில் தானாகவே வாயைத் திறந்தாள்.

"அன்ரி, ஐ ஆம் சொறி. அம்மா பாக்கிறேல்லை. அவ கிச்சினுக்குள்ள நிப்பா, ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பட், நான் ஓஃப் பண்ணினா கத்துவா."

"பாக்கிறேல்லை எண்டா ஏன் பிள்ளை கத்துறவா?"

"ஆரோ கதைச்சுக்கொண்டிருக்கோணுமாம். நாங்கள் எல்லாரும் வேர்க்கில பிஸி. த ஹவுஸ் இஸ் ரூ குவையற், வீட்டில ஒரு சத்தமும் இல்லை." சிவப்பு விளக்கில் காரை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அன்ரி, நீங்கள் பாக்கிறனீங்களோ? உங்கட ஷோவை?"

நான் பைக்குள் பாஸைத் தேடத் தொடங்கினேன். மூன்று ஞாயிறு ஒரே நிகழ்ச்சி போனது எனக்கே தெரியாது. ஞாயிறு ஒன்பது மணிக்கு நான் உடுப்புத் தோய்க்க மெஷினடிக்குப் போய்விடுவேன். இதை டிரக்டரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். மூன்று பார்வையாளரைத் தேடிப் போனவள் முதலில் தன்னை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

பிக்கரிங்கிலிருந்து இரண்டாவது நிறுத்தம் விட்பி. மூன்று மணி இருபது. மேடையில் நின்று திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். நாட்காட்டி ஒன்று மிச்சம் இருந்தது, பாஸும் இருந்தது. பஸ் பிடித்துப் புதுக் குடியிருப்பு ஒன்றில் இறங்கினேன். அச்சில் வார்த்ததுபோல் எல்லா வீடும் ஒரே வீடு. மரம் என்று நட்டவை என் தோளளவுகூட இல்லை. மறிக்க ஒன்றும் இல்லாததால் காற்று நேரே வந்து முகத்தில் அறைந்தது.

கொப்பியில் இருந்த பெயர் மரியநாயகம். மன்னார்ப் பக்கம், வெல்டிங் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். மணியை அடித்தேன். கதவு திறந்தது. என்னைப் பார்த்தார். சிலுவை போட்டார். கதவைச் சாத்தினார்.

இரண்டாம் முறை அடித்தேன். இந்த முறை சங்கிலியைக் கொழுவிக்கொண்டு நாலு விரல் அகலத்துக்குத் திறந்தார்.

"நீங்கள்... ரீவியில வாற சுகந்தியோ?"

"ஓம் அண்ணை."

"உயிரோடயோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சங்கிலி கழன்றது. உள்ளே இருத்தினார். தண்ணீர் எனக்குக் கொண்டுவந்து, அதைத் தானே குடித்தார்.

"போன வருசம் பாட்டு நிகழ்ச்சி செய்த தம்பி செத்து மோசம் போனாப் பிறகு, அவரின்ர கடைசி நிகழ்ச்சியை ஒரு மாதமாத் திருப்பித் திருப்பிப் போட்டனீங்களெல்லே? அஞ்சலி எண்டு?"

"ஓம்."

"உங்களுக்கும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன். முதல் கிழமை அரக்குச் சீலை. ரெண்டாம் கிழமையும் அரக்குச் சீலை. அதே கலியாணம், அதே மண்டபம். செத்த ஆக்களே திருப்பிச் செத்தினம். மூண்டாம் கிழமையும் அதுதான் எண்டோடன விளங்கிப்போச்சு, பிள்ளை போயிற்றா எண்டு."

"ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாமே அண்ணை?"

"செத்த வீட்டுக்கு எடுத்து, செத்தது மெய்யோ எண்டு கேக்கிறதோ பிள்ளை?"

எழுந்து சுவருக்குப் போனார். அங்கே எங்கள் நாட்காட்டி தொங்கியது. ஜனவரியிலேயே அவருக்குக் கிடைத்திருக்கிறது. ராகுகாலம், எமகண்டம் எல்லாம் அச்சடித்த தாளில், அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்துக்குள் நீலப் பேனையால் எழுதியிருந்தார்: 'சுகந்தி. பூசை. 9.00.'

"எங்கட மாதா கோயிலில, உங்கட ஆத்துமத்துக்கெண்டு உங்கட பேருக்குப் பூசை குடுத்திட்டன். நாளைக்கு. பேரைக் கோயில் தாளில அச்சடிச்சும் போட்டினம்." குற்றம் செய்தவர்போல என்னைப் பார்த்தார். "நீங்கள் சைவம் எண்டு நெத்தியில தெரியும். உங்கட கோயிலில என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதைச் செய்தன்."

நான் அழுதேன். அவர் வீட்டு சோபாவில் இருந்து, முன்பின் தெரியாத மனிதருக்கு முன்னால், விம்மி விம்மி அழுதேன். காலையிலிருந்து ஆடிய கால் அப்போதுதான் நின்றது.

பகலில் அவர் வீட்டில் தனி. மகனும் மருமகளும் ஷிப்ட் வேலை. காரும் இல்லை, தமிழ்ப் பூசைக்குப் போக ஒருவர் கூட்டிப்போக வேண்டும்; நடந்துபோகிற தூரத்தில் ஆங்கிலக் கோயில் ஒன்றுதான். யார் பிறந்தது, யார் செத்தது என்று அவருக்கு நான்தான் சொல்கிறேன். புது நாட்காட்டியையும் வாங்கிக்கொண்டு, "பூசையை என்ன செய்யிறது?" என்று கேட்டார். "நடக்கட்டும் அண்ணை" என்றேன். "நன்றிப் பூசையா நினைச்சுக்கொள்ளுவம்." அவருக்கு ஆறுதலாக இருந்தது. பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

ஐந்து இருபது, விட்பி மேடை. டிரக்டருக்கு நானே போன் எடுத்தேன்.

"எத்தனை அக்கா?"

"ஒராள்."

"ஒராளோ?"

நடந்ததைச் சொன்னேன். நான் விடவில்லை.

"நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ. ஆனா நான் உயிரோட இருக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டுவம். இல்லாட்டி அந்த மனுசன் திருப்பியும் எனக்குப் பூசை குடுக்கும்."

ரயில் வந்து நின்று கதவு திறக்கும்போது பதில் வந்தது. "நாளைக்கு நேரடியாச் செய்யுங்கோ அக்கா. சித்திரை வருசப் பிறப்பு வரைக்கும் பாப்பம். முகவருக்கு நான் சொல்லுறன்."

ஊரில் ஒரு செய்தி ஆளுக்கு ஆள் வாய்வழி போய், போகிற வழியில் பெருத்து, பிழையாகி, கடைசியில் சொன்னவரிடமே திரும்பி வரும். யார் கேட்டார் என்று தேடத் தேவையில்லை. இங்கே சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று அறிய ஒரு முழுச் சனிக்கிழமையும் நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேலும் தேவைப்பட்டன. கில்ட்வுட்டில் இறங்கும்போதுதான் ஒன்று உறைத்தது. பூசையும் ஒன்பதுக்கு, நிகழ்ச்சியும் ஒன்பதுக்கு. என்னைப் பார்க்கிற ஒரே ஆள் நாளைக்குப் பார்க்கமாட்டார்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு, பச்சைச் சேலையில், நேரடியாக வாசித்தேன். விட்பியில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் அதே நேரம் பூசையில் என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்திருப்பார். ஒருவரும் அழைக்கவில்லை. ஒன்பதரைக்கு முடித்து, மைக்கைக் கழற்றி, கோட்டை மாட்டிக்கொண்டு அந்தரப்பட்டு அங்குமிங்கும் நடந்தேன். பத்து மணி பத்துக்கு ஸ்ரூடியோ போன் அடித்தது. டிரக்டர் எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, இப்பதான் கோயிலால வந்தனான். பூசை நல்லா நடந்தது. இண்டைக்கு ஆர் ஆர் மோசம் போனது? இண்டையான் நிகழ்ச்சியைத் திருப்பிப் போடுவியளோ?"

டிரக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். நேரடி நிகழ்ச்சியை அவர் பதிவே செய்யவில்லை.

கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். தாள்களை எடுத்து அடுக்கினேன்.

"அண்ணை, ரீவி சத்தத்தைக் குறையுங்கோ" என்றேன். பிறகு, வணக்கத்திலிருந்து தொடங்கி, அரைமணி நேரமும் அவர் ஒருவருக்கு வாசித்தேன்.