தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி

பெற்றோர் எழுத்து மூலம் கேட்டால் மட்டுமே மாணவருக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கலாம்; மதிப்பெண் குறைவு என்று பள்ளி தானாக யாரையும் வெளியே அனுப்பக் கூடாது. கல்வித் துறை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். இந்த விதியை எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். இதில் ஒரு வசதி உண்டு. பெற்றோர் கேட்டதாக ஒரு தாள் இருந்தால் போதும். பெற்றோர் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளி. தாய்மாமா அங்கே எழுத்தர். அங்கேயே எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்காதான் தினமும் என் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போவாள். அவளுக்குக் கணக்கு மட்டும் வராது. ஆனாலும் ஆசிரியப் பயிற்சிக்குப் போவது என்று தீர்மானமாக இருந்தாள். முன்னோட்டமாகத் தன் அப்பாவுக்கே கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஒரு வருடம் பிடித்தது. முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்திடும் நாளில் உழுது பிழைக்கும் அந்த சம்சாரி நாக்கைக் கடித்துக்கொண்டு, கலப்பையை அழுத்துவது போலப் பேனாவை அழுத்துவார்.

அதற்கு முந்தைய வருடம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய எல்லோரும் தேறியிருந்தார்கள். எங்கள் தலைமையாசிரியருக்கு அது உறுத்தியது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவரும் மாமாவும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் பதிவேடுகளைப் பார்த்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாமா ஒரு கட்டு வெள்ளைத்தாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஏ பாப்பா, ஒன் கையெழுத்து முத்து முத்தா இருக்குல்ல? நான் சொல்லச் சொல்ல எழுது. ஒம்போது காப்பி. பருத்திப்பால் வாங்கித் தாரேன்."

"எதுக்கு மாமா?"

"எழுதுனா கையெழுத்து இன்னும் நல்லா வரும். பேரு எடத்த மட்டும் விட்டுரு."

குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகன் அல்லது மகள் படிப்பைத் தொடர இயலாததால், மாற்றுச் சான்றிதழ் தந்து உதவும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான் கடிதம். ஒன்பதையும் எழுதினேன். 'மிகவும் பணிவுடன்' என்பது எனக்கு ஏற்கெனவே பழக்கம். காய்ச்சல் வந்தால் எழுதும் விடுமுறைக் கடிதத்திலும் அதே பணிவுதான்.

"கடைசில என்ன மாமா போட?"

மாமா பதிவேட்டில் தலையை விட்டிருந்தார். "எப்பயும் எப்பிடி முடிப்ப? அப்பிடியே முடி."

முடித்தேன்.

தாள்களை எடுத்துக்கொண்டு மாமா உள்ளறைக்குப் போனார். வெகுநேரம் கழித்து வந்து சோப்பு கேட்டார். தேய்த்தும் போகவில்லை. பருத்திப்பால் கடையில் தம்ளரைப் பிடித்திருந்த மாமாவின் விரல்களில் ஊதா மை. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது விரல்களில் இருந்தது. வலது சுண்டுவிரல் மட்டும் சுத்தமாக இருந்தது.

"அதுல மட்டும் ஏன் மாமா இல்ல?"

"அதுக்கு வேல வரல பாப்பா. குடி, ஆறுது."

அந்த வாரம் ஒன்பது பேருக்குச் சான்றிதழ் தயாரானது. அக்காவின் அப்பாவை வரச் சொல்லியிருந்தார்கள். அக்காவும் நானும் அலுவலக வாசலில் நின்றோம்.

"நான் எழுதிக் குடுக்கவே இல்லய்யா," என்றார் அவர். "கைநாட்டக் காட்டுறீகளே, நாந்தான் இப்பக் கையெழுத்துல்ல போடுறேன்!"

அது மாமாவுக்குத் தெரியாது. அவர் பார்த்தது சேர்க்கைப் பதிவேடு. அதில் அந்த மனிதர் பழைய கைநாட்டாகவே இருந்தார். மாமா முகம் வெளுத்ததைப் பார்த்தேன். தலைமையாசிரியர் அசையவில்லை.

"அப்படியா பெரியவரே? எங்க, போடுங்க பாப்போம்."

ஒரு நோட்டு அவர் முன்னால் நகர்ந்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓர் எழுத்தும் பிசகாமல் போட்டுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சிரித்தார். கையெழுத்து விழுந்த இடம், 'சான்றிதழைப் பெற்றுக்கொண்டேன்' என்ற கட்டம். அக்கா அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது பெயரை எழுத மட்டும், வாசிக்க அல்ல.

எழுமலை மாப்பிள்ளை வீட்டார் ஐப்பசியிலிருந்தே அக்காவைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆக, அப்பாதான் படிப்பை நிறுத்தினார் என்று அக்காவின் மனதில் எல்லாம் பொருந்திப்போயிற்று.

"கையெழுத்துப் போட்டா மாட்டிக்கிருவோம்னுதானே கைநாட்டு வச்சீக?" என்று தெருவில் நின்று அப்பாவைக் கேட்டாள். "வேணாம்னா, எதுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குனீக?"

தையில் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு அவள் தன் அப்பாவோடு பேசவில்லை, அவர் சாகும்வரை. அந்தக் கோடையில் எங்கள் பள்ளியிலும் எல்லோரும் தேறினார்கள். தலைமையாசிரியருக்கு மாலை போட்டபோது நானும் கைதட்டினேன்.

பல வருடம் கழித்து ஆய்வுக்காக அதே பள்ளிக்குப் போனேன். பழைய மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டினேன். அக்கா கணக்கில் மட்டும் தவறியிருந்தாள். அரிசி ஆலைக்காரர் மகன் மூன்று பாடங்களில் தவறியிருந்தான். அவனுக்குத் தனி வகுப்பு வைத்துத் தேறவைத்திருந்தார்கள். போனவர்கள் ஒன்பது பேர், அவர்களில் ஏழு பெண்கள். சேர்க்கைப் பதிவேட்டில் ஒன்பது தந்தையரும் கைநாட்டு. மதிப்பெண்ணை வைத்து யாரும் அவர்களைப் பொறுக்கியெடுக்கவில்லை. வந்து படித்துப் பார்க்க முடியாத தகப்பன்களாகப் பொறுக்கியிருந்தார்கள். அன்றைக்கே கடிதங்களைக் கேட்டிருக்கலாம். அந்த ஊதா விரல்கள் நினைவுக்கு வந்தன. பதிவேட்டை மூடிவிட்டு, 'குறைகள் இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அக்கா இப்போது ஆனையூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன வருடம் பார்க்கப் போனபோது சொன்னாள்: "எம்புட்டுப் பைலு பாத்துருப்ப நீயி. எங்கப்பா அந்தக் கைநாட்ட வச்சாரா, வைக்கலையான்னு மட்டும் பாத்துச் சொல்லேன். நான் போறதுக்குள்ள தெரியணும்டி."

எனக்குத் தெரிந்ததை வாயால் சொல்ல வராமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தரவில்லை. முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாவது. கடைசியில் ஓர் உறை வந்தது. 'மாணவியின் தந்தை தாமே விண்ணப்பித்துள்ளார். விண்ணப்பம் முறையாக உள்ளது. நகல் இணைப்பு.'

நகலில் பெயர் மட்டும் மாமாவின் சாய்ந்த எழுத்து. மற்றதெல்லாம் முத்து முத்தாக என் எழுத்து. ஒரு சம்சாரி தன் மகளுக்காக எழுதிய அந்தக் கடிதம், 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி' என்று முடிந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு விரல் ரேகை. இத்தனை வருடத்தில் எந்த அதிகாரியும் அதைப் படித்ததில்லை, நான் உட்பட. அன்றைக்குப் பருத்திப்பால் குடித்த சிறுமிக்குத் தெரியாத ஒன்று உண்டு: அந்தக் கடிதத்தில் பொய் இல்லாத வரி அது ஒன்றுதான்.

ஆனையூர் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், பழக்கம் விடாமல், உறையின் மூலையில் வரவுத் தேதி குறித்தேன். அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான நாள்.