மூடி திறந்தால் நிற்க வேண்டும்

எனக்கு வாய் நீளம். நான் எழுதிய புரோகிராமைக் குறை சொன்னால் இன்னும் கொஞ்சம் நீளும். ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். மாரண்டஹள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். ஆலை இயந்திரங்களுக்கான கன்ட்ரோல் போர்டு செய்கிறோம். அதில் ஓடும் குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் என் பொறுப்பு.

அதில் ஒவ்வொரு வேலையும் தனித்தனி திரெட். மூடி திறக்கிறதா என்று கவனிப்பது ஒன்று, திரையில் படம் வரைவது ஒன்று. எதற்கு முதலிடம் என்பதை ஓர் எண் சொல்லும். எந்த போர்டிலும் ஒரே புரோகிராம் ஓட வேண்டும் என்பதற்காக, எங்கள் சொந்த முறையை விட்டு, எல்லோரும் புழங்கும் திரெட் லைப்ரரிக்கு மாறினோம். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நான் நாலே நாளில் முடித்தேன். ஆபீஸ் மேஜையில் மூடியைத் திறந்ததும் மோட்டார் டக்கென்று நின்றது. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

அதில் ஒரு போர்டு எங்கள் ஊர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலைக்கே வந்தது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அங்கேதான் வேலை செய்கிறாள். கூழ் இயந்திரத்தில் மாம்பழ நார் அடைத்தால் மூடியைத் தூக்கிக் கையால் இழுத்துப் போடுவது அவள் வேலை. மின்சாரத்தையே துண்டிக்கும் சிவப்பு பட்டன் தனியாக உண்டு. சீசன் நேரத்தில் யார் அதைத் தேடிப் போய் அமுக்குகிறார்கள்?

"ஏங்கண்ணு, மூடியத் தெறந்தா சில நேரம் கொஞ்சம் சுத்திட்டுத்தான் நிக்குது" என்றாள் ஒருநாள்.

"அது நான் எழுதுனது சின்னம்மா, நிக்கும். நீதான் அவசரக் குடுக்கை, மூடி முழுசா தெறக்கறதுக்கு முன்னாடியே கைய வுடுவ."

"இருக்கும், இருக்கும்" என்று சிரித்தாள்.

அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது கொடியில் ரப்பர் கையுறை காய்ந்துகொண்டிருந்தது. நடுவிரல் நுனியைக் காணோம். அவள் விரல் மட்டும் தப்பியிருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு நேராக ஆலைக்குப் போனேன்.

"மெஷின நிறுத்துங்க" என்றேன்.

"லாரி வரிசையா நிக்குதுங்க மேடம்" என்றார் சூப்பர்வைசர்.

"கை போனா நீங்க ஒட்டித் தருவீங்களா?"

நிறுத்தினார். காலி மாம்பழக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தப்பு பல்லைக் காட்டியது. மண்டியில் டோக்கன் என்றால் சின்ன எண்காரருக்கு முதலிடம். ஏலம் என்றால் பெரிய எண் சொன்னவருக்குத்தான் சரக்கு. எங்கள் பழைய முறை டோக்கன், புது லைப்ரரி ஏலம். நானோ எண்களை மாற்றாமல் அப்படியே தூக்கி வைத்திருக்கிறேன்! முதலில் ஓட வேண்டிய மூடி திரெட் கடைசிக்குப் போய்விட்டது, திரை திரெட் முதலில் நிற்கிறது. ஆபீஸில் திரைக்கு அதிக வேலை இல்லாததால் தெரியவில்லை. இங்கே திரை முழுக்கப் படம். அது வரைந்து முடிக்கும்வரை மூடி திரெட் காத்திருந்தது.

முதல் வேலையாக எங்கள் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டேன். "தப்பு என்னோடதுங்க. போர்டு போன எல்லா ஆலையிலயும் மெஷின நிறுத்தச் சொல்லுங்க." சொல்லும்போது காது சுட்டது. ஆனால் சரிசெய்ய எனக்குத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. எண்களைத் திருப்பினேன். மெஷினை ஓட்டி, திரையில் எல்லாப் படங்களையும் ஓடவிட்டு, மூடியைத் திறந்து ஒரு சவுக்குக் குச்சியை உள்ளே விட்டேன். உள்ளே சுழலும் தகடு உடனே நின்றது. இருபது தடவை பார்த்தேன், இருபது தடவையும் நின்றது.

"பாத்தியா சின்னம்மா? இனிமே தைரியமா கைய வுடு" என்றேன்.

அவள் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குச்சி வுட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல கண்ணு. மத்தவங்க பயந்தாங்க. எங்க புள்ள செஞ்சது, நிக்கும்னு சொல்லிட்டு நாந்தான் மொதல்ல கைய வுடுவேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. குச்சியைக் கீழே போட்டுவிட்டு மெஷினை ஓட்டச் சொன்னேன். இந்த முறை மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டது நான்.