பெர்மெத்தின் ஒரே சனிக்கிழமை

பெர்மெத் ஃப்ரீசரைத் திறந்து, ஒரு பொட்டலத்தை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்குகிறாள். கடகடவென்று சத்தம் வந்தால் கறி அடைத்த மாவுருண்டை. சத்தமில்லாமல் கனத்தால் கொத்துக்கறி. சரசரத்தால் கீரை. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் பையில், ஒரே மாதிரி முடிச்சில், பெயர் இல்லாமல் கிடக்கின்றன. பெயரெழுதி வைக்கலாமே என்று கணவன் குபாத் ஒருமுறை யோசனை சொன்னான். உட்கார்ந்து எழுதினாள். எழுதின சீட்டுகளையெல்லாம் தொலையாமலிருக்க ஒரு பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, அதையும் ஃப்ரீசரில் வைத்துவிட்டாள்.

போன மாதம் பீட்ரூட் என்று நினைத்து அவள் சூப்பில் போட்டது ராஸ்பெரிப் பழம். குபாத் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "சூப்பு கொஞ்சம் இனிக்குதே, ஏதாச்சும் நல்ல சேதியா?" என்று கேட்டான்.

இதே பெர்மெத் வேலையில் வேறு ஆள். கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்தில் ஆம்புலன்ஸ் அழைப்பு எடுக்கும் அறையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். "மூச்சு இருக்கா? கண்ணு முழிச்சிருக்காரா? எத்தனாவது வாசல்?" என்று கேட்கிற அவள் குரலில், அழுதுகொண்டிருப்பவர்கள்கூட அழுகையை நிறுத்தி ஒழுங்காக விலாசம் சொல்வார்கள். எந்தக் கட்டடத்துக்குப் பின்பக்கமாகத்தான் வண்டி நுழையும், எந்த முற்றத்தில் சங்கிலி கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சொந்த வீட்டில் மூக்குக்கண்ணாடி எங்கே என்று தெரியாது. மூளையை ஆபீஸ் அலமாரியில் பூட்டிவிட்டுத்தான் வருகிறாள் என்பது குபாத்தின் கட்சி. அவன் சந்தையிலிருந்து கூப்பிட்டு, "ஆட்டுத்தொடை கிடைச்சிருச்சு" என்றால், பழக்கதோஷத்தில் "மூச்சு இருக்கா?" என்பாள்.

"இல்ல தாயே. வெட்டித் தொங்கவிட்டிருக்காங்க."

மே மாதம் பதினாறாம் தேதி மகள் மேரிமுக்கு ஒரு வயது. அந்த மாதத்தில் பெர்மெத்துக்கு வேலையில்லாத ஒரே சனிக்கிழமையும் அதுதான். ஆகவே பிறந்தநாள் விருந்தையும் கால்கயிறு வெட்டுவதையும் ஒரே நாளில் வைத்துவிட்டாள். கால்கயிறு என்றால், நடக்க ஆரம்பித்த குழந்தையின் கணுக்கால்கள் இரண்டையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கம்பளிக் கயிற்றால் கட்டி நிறுத்துவார்கள். பிள்ளைகளுக்குள் ஓட்டப்பந்தயம் வைத்து, முதலில் வருகிறவர் கத்தியால் அதை வெட்டுவார். வெட்டியவரின் நடை குழந்தைக்கு வந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் வேகமாக ஓடுகிறவரைத் தேடுகிறார்கள்.

முப்பத்திரண்டு பேரை அழைத்தாயிற்று. ஆடு சொல்லியாயிற்று. மேரிம்தான் இன்னும் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

"பேசாம ஹோட்டல்ல வச்சிரு," என்றாள் நரின் ஊரிலிருந்து போனில் நாத்தனார் சபீரா. "இப்ப யாரு வீட்டுல வைக்கிறா? உனக்கு ரெண்டு கையி. அதுல ஒண்ணுல எப்பவும் போனு."

"வீட்டுலதான் அண்ணி. இந்த ஒரு வருசத்துல அவளுக்கு நான் ஊட்டுனதவிட அடுத்தவங்க ஊட்டுனதுதான் ஜாஸ்தி. அன்னைக்கு ஒரு நாளாச்சும் எல்லாம் என் கையால இருக்கட்டும்."

"சரி. பிள்ளை நடக்குறாளா?"

"நடப்பா அண்ணி. சனிக்கிழமைக்குள்ள நடந்துருவா."

ஏதோ ஆம்புலன்ஸ் இன்னும் ஏழு நிமிடத்தில் வந்துவிடும் என்பது போலச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

விருந்துக்கு அவள் போட்ட திட்டமெல்லாம் செல்போனில் குரலாக இருக்கிறது. எழுத நேரமில்லாததால் தனக்குத்தானே பேசி அனுப்பிக்கொள்கிறாள். அப்படி நாற்பத்துமூன்று. காலையில் மினிபஸ்ஸில் நின்றபடி அவற்றைக் கேட்பாள். பக்கத்தில் நிற்பவர்களும் கேட்பார்கள். "முட்டை அறுபது. இல்ல, நாப்பது. கேரட் வாங்கியாச்சு. கேரட் வாங்கணும்." ஒரு நாள் பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர், "அம்மா, கேரட்டை ஒரு முடிவுக்குக் கொண்டாங்க. நாங்க இறங்கணும்" என்றார்.

பெர்மெத் வேலையில் இருக்கிற நேரம் முழுக்க மேரிம் இருப்பது இரண்டாம் மாடியில், துர்சுனாய் அக்காவிடம். துர்சுனாய்க்கு ஐம்பத்தெட்டு வயது. தையல் கூடத்தில் வேலை பார்த்து நின்றவள். தனியாள். பிறவியிலேயே வலது கால் குட்டை. ஓர் அடி வைத்து, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, மற்றக் காலை வெளியே வட்டம் போட்டு இழுத்துத்தான் நடப்பாள். நான்காம் மாதத்திலிருந்து மேரிமைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

அந்தச் சனிக்கிழமையில் யாரும் கை வைக்காமலிருக்க பெர்மெத் அந்த வாரம் நாள் தவறாமல் வேலை வாங்கியிருந்தாள். விடியுமுன் தூங்குகிற குழந்தையைக் கொண்டுபோய் விட்டு, இருட்டிய பிறகு தூங்குகிற குழந்தையை வாங்கி வந்தாள். புதன்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வந்தாள். மேரிம் விழித்திருந்தாள், துர்சுனாயின் இடுப்பில்.

"கீழ விடுங்கக்கா. நிக்குறாளான்னு பாப்போம்."

"தரை சில்லுனு இருக்கு பெர்மெத்."

மே மாதத்தில் தரை ஏன் சில்லென்று இருக்க வேண்டும் என்று மாடிப்படி ஏறும்போதுதான் பெர்மெத்துக்குத் தோன்றியது. வியாழக்கிழமை சீக்கிரம் வந்தபோதும் அதே இடுப்பு. "இப்பத்தான் தூங்கி எழுந்தா, விடு." துர்சுனாய் கதவைப் பாதிதான் திறந்தாள். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. குழந்தையின் காலில் ஏதோ கோளாறு, அது அக்காவுக்குத் தெரியும், சொல்ல மனமில்லாமல் மறைக்கிறாள் என்று பெர்மெத் முடிவு கட்டினாள். அன்று ராத்திரி தூங்குகிற மகளின் கால்களை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிப் பார்த்தாள். பயம் கவ்வியது. ஊரார் வீட்டுக் காலுக்கெல்லாம் போனிலேயே வழி சொல்கிறவளுக்கு, இந்தச் சின்னக் காலைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையல் மூன்று மாடிகளில் நடந்தது. ஐந்தாம் மாடியில் அவள் வீட்டு அடுப்பில் சாலட்டுக்கு உருளைக்கிழங்கு. மூன்றாம் மாடி கால்யாவின் ஓவனில் தேன் கேக்குக்கு அடுக்கடுக்காகத் தகடுகள். துர்சுனாய் வீட்டில் எண்ணெய்ச் சட்டி. அதில் மாவுத்துண்டுகள் பொன்னிறமாகப் பொரிய வேண்டும். லிஃப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. ஏறி இறங்கியதில் மாடிக்கணக்கு தப்பி, நாலாம் மாடிக் கதவைத் தட்டி, திறந்த முன்பின் தெரியாத மனிதரிடம், "கேக்கு வெந்திருச்சா?" என்று கேட்டாள். அவர் திரும்பி உள்ளே போய்த் தன் மனைவியிடம் விசாரித்துவிட்டு வந்து, "எங்க வீட்டுல இல்லையாம்" என்றார்.

துர்சுனாயின் அடுக்களைக்கு அவள் மாவோடு போய்ச் சேர்ந்தபோது, அக்கா ஒரு கையால் கரண்டியைப் பிடித்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். மறு இடுப்பில் மேரிம். எண்ணெய் தெறித்துக்கொண்டிருந்தது.

பெர்மெத் அடுப்பை அணைத்தாள். வேலையிடத்துக் குரல் தானாக வந்தது.

"குழந்தைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"விழுந்தாளா?"

"இல்ல."

"எந்தக் காலு?"

துர்சுனாய் கரண்டியை வைத்துவிட்டு, குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மேரிம் நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்தாள். விட்டாள். நடந்தாள். ஓர் அடி வைத்து, இடுப்பைச் சாய்த்து, மற்றக் காலை வெளியே வட்டம் போட்டு இழுத்து, ஆறு அடி. அடுப்புப் பக்கம் வந்து துர்சுனாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"திங்கக்கிழமையே நடந்துட்டா," என்றாள் துர்சுனாய், ஜன்னலைப் பார்த்தபடியே. "நான் சொல்லிக் குடுக்கல பெர்மெத். சத்தியமா. பொழுதன்னைக்கும் என் பின்னாடியே தவழ்ந்து வருவா. பாத்துப் பாத்து ஒட்டிக்கிச்சு. தூக்கியே வச்சிருந்தா மறந்துருவான்னு நினைச்சேன். எனக்கு வந்தது என்னோட போகட்டும், உன் பிள்ளைக்கு வேணாம்."

பெர்மெத்துக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. மகள் நடந்துவிட்டாள், அது திங்கட்கிழமை, இன்று வெள்ளி. இந்த நாலு நாளும் யாரோடது? கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல் திரும்பிப் போனது. முதல் குழந்தை. முதல் நடை எப்படியிருக்கும் என்று அவள் எங்கே பார்த்தாள்? கைப்பேசியை எடுத்து, ஆம்புலன்ஸில் போகும் டாக்டர் எர்மெக்கைக் கூப்பிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வலிக்குதுன்னு அழுறாளா?"

"சிரிக்கிறா."

"பெர்மெத், எனக்கு நாலு பிள்ளைங்க. நாலும் முதல் மாசம் கல்யாண வீட்டுலேருந்து திரும்புற எங்க மாமா மாதிரிதான் நடந்துச்சுங்க. போயி மாவப் பொரி."

பொரித்தார்கள். டாக்டர் சொன்னதை பெர்மெத் சொன்னாள். துர்சுனாய் கேட்டுக்கொண்டாள், நம்பின மாதிரித் தெரியவில்லை. பெர்மெத்துமே முழுக்க நம்பினாள் என்று சொல்ல முடியாது. இரண்டு பேரும் மாறி மாறிக் குழந்தையின் காலையே பார்த்ததில் கடைசிச் சட்டி கொஞ்சம் கருகிவிட்டது.

சனிக்கிழமை முற்றம் நிறைந்துவிட்டது. கறியும் கையால் வெட்டிய மாவுப்பட்டையும் தாம்பாளம் தாம்பாளமாக இறங்கின. உருளைக்கிழங்கு சாலட்டில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது, இன்னொரு சாலட்டில் விழவேயில்லை; இரண்டையும் கலந்து சாப்பிடுங்கள் என்று குபாத் எல்லோருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தான். சபீரா அடுக்களைக்குள் வந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த இரண்டாம் மாடி அம்மாவைக் கயித்துப் பக்கம் வராம பாத்துக்க. நல்ல மனுசிதான், இல்லைங்கல. ஆனா பிள்ளையோட நடை பாரு, இப்பவே எப்படி இருக்குன்னு."

கதவருகே தேநீர்க் கிண்ணங்களோடு துர்சுனாய் நின்றிருந்தாள். "நான் டீத்தண்ணி சமோவார் பாத்துக்குறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, முற்றத்தின் கோடிக்குப் போய்விட்டாள். பெர்மெத்தின் இரண்டு கையிலும் தாம்பாளம். என்ன சொல்வது என்று தேடினாள். அவமானமாக இருந்தது. அவள் சொல்லைத் தேடி முடிப்பதற்குள் வெளியே பந்தயத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பந்தயத்தில் முதலில் வந்தது மூன்றாம் வாசல் கனிமேத், ஒன்பது வயது, ஒரு செருப்பு வழியிலேயே போய்விட்டது. பரிசாகக் கொடுத்த பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு, கத்தியை வாங்கி, ஒரே இழுப்பில் கயிற்றை வெட்டினாள். "அடி நல்லடியா இருக்கட்டும்!" என்று எல்லோரும் கத்தினார்கள். மேரிம் ஓர் அடி எடுத்தாள். தொப்பென்று உட்கார்ந்தாள்.

குபாத் குனிந்து பார்த்தான். கணுக்காலில் இன்னொரு கயிறு இருந்தது. சபீரா ஊரிலிருந்து ஒன்று கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயே கட்டிவிட்டிருக்கிறாள். அது தெரியாமல் பெர்மெத் சந்தையில் வாங்கியதை முற்றத்தில் வைத்து மேலே கட்டியிருக்கிறாள். முப்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என் பொண்டாட்டி எந்த வேலையையும் ரெட்டிப்பாத்தான் செய்வா!" என்றான் குபாத்.

"சிரிச்சது போதும். கத்திய இங்க குடு, நானே வெட்டுறேன்," என்று சபீரா கை நீட்டினாள்.

கத்தியைக் கனிமேத்திடமிருந்து வாங்கியது பெர்மெத். வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் எதற்கு வாங்கினோம் என்று மறந்தவள்போல நின்றாள். பிறகு முற்றத்தைக் கடந்து சமோவார் பக்கம் போய், துர்சுனாயின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"வேணாம் பெர்மெத்," என்றாள் துர்சுனாய். வந்த வழியெல்லாம் அதையே சொன்னாள். "எல்லாரும் பாக்குறாங்க. என் காலு தெரியுமில்ல உனக்கு."

"பெர்மெத்!" சபீராவின் குரல் ஓங்கியது. "குழப்பத்துல கத்திய யாருகிட்ட குடுக்குறோம்னு பாத்துக் குடு!"

"பாத்துத்தான் குடுக்குறேன் அண்ணி."

துர்சுனாய் நல்ல காலை மடக்கி, குட்டைக் காலைப் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தாள். கத்தி கயிற்றை நெருங்கவில்லை. குழந்தையின் காலில் பட்டுவிடுமோ என்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பெர்மெத் எதிரே மண்டியிட்டு, மகளின் கணுக்கால்களுக்கு நடுவே தன் விரல்கள் இரண்டை நுழைத்து, கத்தி வழுக்கினால் தன் விரலில் படும்படி கயிற்றை இழுத்து விறைப்பாகப் பிடித்துக்கொண்டாள்.