வீட்டில் எத்தனை பேர்?

பத்திரிகையில் புள்ளிவிபரம் ஏதும் வந்தால் நான் முதலில் அதைத்தான் வாசிப்பேன். கிரிக்கெட்டெல்லாம் பிறகு. நாட்டில் பிறப்புக் குறைகிறது, முதியவர்கள் கூடுகிறார்கள், பிந்தித்தான் கலியாணம் செய்கிறார்கள், தனியாள் வீடுகள் பெருகுகின்றன என்று படம் கீறிப் போட்டிருப்பார்கள். கப்பல் கொம்பனி ஒன்றில் கணக்குப் பகுதியிலேயே தலை நரைத்தவன் நான். எண் என்றால் ஒரு மரியாதை. வாசித்ததைப் பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில் என்னோடு நடக்கிற கூட்டாளிகளுக்கு ஒப்புவிப்பேன். "சனம் என்ன கோலத்தில போகுது, பாத்தீங்களே" என்று தலையை ஆட்டி முடிப்பேன். சனம் என்று நான் சொன்னது மற்றவர்களைத்தான்.

அப்படியிருக்க, ஆட்களை எண்ணுகிற குடிசன மதிப்புக்கு எங்கள் வீட்டுக்கும் ஆள் வந்தது. ஒரு சிங்களப் பெண்பிள்ளை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டெப் கணினி. லிஃப்ட் வழமைபோல வேலை செய்யவில்லை. நாலு மாடியும் ஏறி மூச்சு வாங்க வந்து நின்றாள். தண்ணீர் கொடுத்து மின்விசிறிக்குக் கீழே இருத்தினேன். நாங்கள் சிங்களத்தில்தான் கதைத்தோம்.

"வீட்டில் எத்தனை பேர், அங்கிள்?"

"ரெண்டு பேர். நானும் மனுசியும்."

"அன்ரி எங்கே?"

"கனடாவில். மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவ."

"எப்போது போனவ?"

"இப்பதான்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. என் மனதில் அது இப்பதான். எந்த மாதம் என்று அந்தப் பிள்ளை கேட்ட பிறகுதான் கணக்குப் பார்த்தேன். மூன்று வருடம் கடந்திருந்தது. முதல் பேரன் பிறக்க ஆறு மாத விசாவில் போனாள். மகள் வேலைக்குத் திரும்ப வேண்டுமென்று அதை நீட்டினார்கள். திரும்பி வருகிற நேரம் பார்த்து மகளுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். பிறகு மருமகன் ஏதோ நீண்ட விசா எடுத்துக் கொடுத்தார். எங்களுடைய சனத்தில் இது புதினமில்லை. மகளுக்குப் பேறு என்றால் தாய் போகத்தான் வேணும். போனவவை எப்ப வருகிறாய் என்று கேட்கிறது அழகில்லை. கேட்டால் பேரப்பிள்ளையை விட என் சோறும் கறியும் பெரிதாகிப் போச்சுது என்ற மாதிரி இருக்கும்.

"ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் என்றால் இங்கே போட முடியாது, அங்கிள்."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? இது அவவின்ர வீடு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எழும்பிப் போய் அறைக்குள் இருந்த அலுமாரியைத் திறந்து காட்டினேன். சாரிகள் அடுக்கி, இடையில் பூச்சி உருண்டை போட்டு வைத்தபடி இருந்தன. "இது ஆருடையது? எனக்கா கட்ட? இல்லாத ஆளுக்கு ஏன் அலுமாரி?" என்று கேட்டேன். கதவுக்குப் பின்னால் தொங்கிய ஹவுஸ்கோட்டையும் காட்டினேன். பாவம், அந்தப் பிள்ளை சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றாள்.

எனக்கே பிறகு சிரிப்பு வந்தது. யுத்த காலத்தில் இதே வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு நின்ற தங்கையின் மகனை எழுதுவதா, எழுதாமல் விடுவதா, எது ஆபத்து என்று நானும் மனுசியும் தலையைப் பிய்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். ஆளைக் குறைக்கப் பாடுபட்ட வீட்டில் இப்போது ஆளைக் கூட்டப் பாடுபடுகிறேன். என்ன கூத்து!

"சரி, அன்ரி எப்போது திரும்பி வருவா?"

"வருவா."

"எப்போது, அங்கிள்?"

"அதை நான் எப்படிச் சொல்லுறது?" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அந்தப் பிள்ளை டெப்பில் எதையோ தட்டினாள். "வீட்டில் ஒருவர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். கக்கூஸ் வீட்டுக்குள்ளா வெளியிலா என்று கேட்டாள்.

இரண்டு நாளாக எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கடற்கரைக்கும் போகவில்லை. தனியாள் வீடுகள் பெருகுகின்றன என்று வாசித்தபோதெல்லாம், கலியாணம் வேண்டாமென்று காதில் எதையோ செருகிக்கொண்டு திரிகிற இளசுகளைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். இடியப்பப் பார்சலோடு படி ஏறுகிற கிழவன்கள் என்று யார் கண்டது? எங்கள் கட்டடத்திலேயே என்னைப்போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒருவரின் மனுசி லண்டனில், இன்னொருவரின் மனுசி மெல்பேணில். படியில் சந்தித்தால் "அவ எப்ப வாறா?" என்று கேட்போம். "வருவா" என்போம். அதோடு அவரவர் மாடி வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். என் மனுசியின் ஊர் அதுதான். அவர்கள் கத்தோலிக்கர், நான் யாழ்ப்பாணத்துச் சைவம். எங்கள் கலியாணம் அந்தக் காலத்தில் இரண்டு பக்கத்திலும் பெரிய அமளி. இப்போது அந்த வீட்டில் அவளுடைய தங்கைதான் குடும்பத்தோடு இருக்கிறாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து கறிக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப அத்தான் இப்ப பெச்சலர்! சொல்லுங்க, நல்ல பொண்ணா ஒண்ணு பார்க்கவா?"

"உனக்குப் பகிடியாக் கிடக்கு."

"இங்க மட்டும் என்னவாம்? முன்வீட்டுக்காரி புருஷனுக்கு கட்டார்ல வேலை. வந்தவங்க அவளக் குடும்பத் தலைவின்னு போட்டுட்டுப் போய்ட்டாங்க. அவ மாமியா மூஞ்சிய நீங்க பார்க்கணுமே!"

நானும் சிரித்தேன். பிறகு, மூன்று நாளாக நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டேன். "அதை விடு. உன்ர அக்கா ஏதும் சொன்னவளே, எப்ப வாறது எண்டு?"

உள்ளி உரித்த கை நின்றது.

"நீங்க கேட்டதில்லயா, அத்தான்?"

"அதெப்படிக் கேக்கிறது?"

"ஒரு தரங்கூடவா?" என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நாங்க எல்லாம் நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டீங்கன்னுல்ல நினைச்சிட்டு இருக்கோம்."

"என்னத்தைப் பேசி?"

சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் பிரிந்துவிட்டோம் என்று இவர்கள் நினைக்கிறார்கள். சண்டை பிடித்தோமா, ஒரு சொல் சுடக் கதைத்தோமா? ஒவ்வொரு நாளும் வட்ஸப்பில் பார்க்கிற மனுசி. இன்றைக்கு என்ன சமைத்தனீர், பெடியன் பால் குடித்தானா, இங்கே மழை, அங்கே குளிர். இப்படியுமா ஆட்கள் பிரிவார்கள்? பிரிந்தால் பிரிந்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? மனுசியின் தங்கை சோறு போட்டு வைத்தாள். என்ன கறி என்று பார்க்காமல் சாப்பிட்டேன்.

ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம், அங்கே காலை. வழமையாக நாங்கள் கதைக்கிற நேரம் அது. திரையில் அவள் முகம் வந்தது. குளிருக்கு மகளின் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். பின்னால் இளைய பெடியன் எதையோ போட்டு உடைக்கிற சத்தம்.

பகிடியாகவே தொடங்குவோம் என்று நினைத்தேன்.

"உம்மட பேரை வெட்டிப் போட்டினம், தெரியுமே?"

"எங்க?"

"குடிசன மதிப்பில. நீர் இஞ்ச இல்லையாம். நான் தனி ஆளாம்."

எரிந்து விழுவாள் என்று எதிர்பார்த்தேன். அது எப்படி என் பேரை வெட்டுவாங்க, நீங்க பார்த்துட்டா இருந்தீங்க என்று பேசுவாள், அலுமாரிக் கதையைச் சொல்லிச் சிரிப்போம் என்று வைத்திருந்தேன்.

"அது சரிதானேங்க" என்றாள்.

"என்ன சரி?"

"இங்கயும் அப்பிடி ஏதோ ஒரு ஃபோரம் வந்துச்சு. வீட்டுல யார் யார் இருக்கான்னு கேட்டு. மருமகன் என் பேரையும் போட்டாரு. போன வருஷமே."

"எனக்குச் சொல்லேல்லையே?"

"நீங்க கேட்கலயே."

பெடியன் அழத் தொடங்கினான். அவள் திரும்பி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறதென்று பார்க்காமலே கை நீட்டி ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்தபோது எனக்குப் பயம் பிடித்தது.

"நீர் எப்ப வாறீர்?" என்று கேட்டேன்.

கேட்டேவிட்டேன். பெடியன் பிஸ்கட் கடிப்பது கேட்டது.

"முதல் தரம் விசா முடியிறப்ப பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருந்தேன்" என்றாள். "நீங்க வான்னு சொல்வீங்கன்னு பார்த்தேன். 'பிள்ளைக்கு உதவி தேவை, நில்லும்'னீங்க. ரெண்டாவது தரமும் அதையேதான் சொன்னீங்க. பெறகு கேட்கவே இல்ல. நான் இல்லாமத் தனியா நிம்மதியா இருக்கீங்கன்னு நினைச்சிட்டேன்."

"ஐயோ, நான் உமக்காக எல்லே அப்பிடிச் சொன்னனான்!"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"சரி, இப்ப கேக்கிறன். வாரும்."

அவள் பெடியனை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். கண்ணைத் துடைத்தாளா, தலைமயிரை ஒதுக்கினாளா, தெரியவில்லை. படம் தெளிவில்லை.

"அப்பக் கேட்டிருந்தா அடுத்த பிளேன்லயே வந்திருப்பேன்" என்றாள். "இப்ப எனக்கே தெரியலங்க."

நான் போனை முகத்திலிருந்து விலத்திப் பிடித்தேன்.

"அழுறீங்களா?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.