நடை சாத்தாத கோயிலும் மிளகு ரசமும்

மியூசியம் என்றாலே எனக்கு மிளகு ரசத்தின் வாசனைதான்...

நம்ம குரூப்பில் நேற்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் மியூசியம் பார்க்கப் போகிறாளாம், மத்தியானம் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று. ஆளாளுக்கு லிங்க் அனுப்பியிருந்தீர்கள். நான் லிங்க் அனுப்பவில்லை. எனக்குத் தெரிந்த வழி வேறு. அது என் மகள் வயிற்றில் இருந்தபோது கற்றுக்கொண்டது.

அப்போது எனக்கு நான்காம் மாதம். முதல் தடவை தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை எங்கள் கோமதி அம்மனிடம் நேர்ந்துகொண்டேன். பிள்ளை பிறக்கிற வரைக்கும் திங்கட்கிழமை ஒரு நேரச் சாப்பாடு. வெங்காயம், பூண்டு கிடையாது. அதுவும் அம்மனைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இலையில் கை வைப்பேன்.

சங்கரன்கோவிலில் இருக்கிற வரைக்கும் இது ஒரு கஷ்டமா? நாலு தெரு நடந்தால் சந்நிதி. ஆனால் எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போகவேண்டி வந்தது. என்னைத் தனியாக விட மனசில்லை, கூட்டிக்கொண்டு போனார். போய் இறங்கியது திங்கட்கிழமை!

ரயில் லேட். ஆபீஸில் லேட். கோயிலைத் தேடிப் போனால் நடை சாத்தியாச்சு. இனி சாயங்காலம்தான் திறப்பார்களாம்.

எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா வேறு பட்டினி கிடக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். எங்க வீட்டுக்காரர் முகம் வெளுத்துப்போயிற்று. அப்புறம் சொன்னார்:

"ஏட்டி, நடை சாத்தாத கோயில் ஒண்ணு இருக்கு, வா."

அப்படித்தான் மியூசியத்துக்குள் போனேன்.

சாமி சிலைகள் இருக்கிற ஹால் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டேன். உள்ளே ஜில்லென்று இருந்தது. வரிசையாகச் சாமிகள். ஒரு மூலையில் அம்மன்... இடுப்பை லேசாக ஒடித்து, ஒரு கையைப் பூப் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு. ஆனால் கையில் பூ இல்லை. பட்டு இல்லை, நெற்றியில் குங்குமம் இல்லை. காலடியில் ஒரு நம்பர் மட்டும்.

தலையில் இருந்த பூவை எடுத்து அந்த நம்பர் மேல் வைத்துவிட்டேன்.

காவலுக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்தாள். பூ வைக்கக்கூடாது, ஆபீஸர் பார்த்தால் சத்தம் போடுவார் என்றாள். எடுத்துக்கொண்டேன். சட்டம் என்றால் சட்டம்தானே. ஆனால் ஒன்று கேட்டேன், இவளுக்கு நைவேத்தியம் யார் வைப்பார்கள் என்று. அப்படி எதுவும் இங்கே கிடையாது என்று சிரித்தாள்.

அவ்வளவுதான், என் கால் நகரவில்லை.

"மணி ஒண்ணாவுது. பாத்தாச்சுல்லா, வா சாப்பிடப் போவோம்" என்றார் இவர்.

"அவ பட்டினியா நிக்கா. நான் மட்டும் எப்படிச் சாப்பிட?"

"வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு என்ன பிடிவாதம்ட்டி இது?" அவர் குரலில் கோபம் இல்லை, பயம்.

அந்த அக்கா என் வயிற்றைப் பார்த்தாள். அக்கம் பக்கம் பார்த்தாள். கிட்ட வந்து மெதுவாகச் சொன்னாள்:

"அவங்க பட்டினின்னு யாரு சொன்னா? டெய்லி வாசல்ல நின்னு டிபன் பாக்ஸைத் தொறந்து இவங்களுக்குக் காட்டிட்டுதான் நான் சாப்பிடுவேன். இன்னிக்குத் தயிர் சாதம், நார்த்தங்காய். காட்டியாச்சு. நீ போய்ச் சாப்பிடும்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது...

என் விரதத்தைக் கேட்டுக்கொண்டு, சாப்பிட எங்கே போகவேண்டும் என்பதையும் அவளே சொன்னாள். பின்பக்கத் தெரு, மாடிப்படிக்குக் கீழே சாப்பாடு போடுகிற ஒரு வீடு, போர்டு கிடையாது. அந்த வீட்டம்மாவும் திங்கட்கிழமை வெங்காயம் சேர்க்கமாட்டாள். போனோம். பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய்ப் பொரியல், கொதிக்கக் கொதிக்க மிளகு ரசம். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தேன், மூன்று தடவை. இவர் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

அன்றிலிருந்து இதுதான் என் வழி. மதுரை, திருவனந்தபுரம், எந்த ஊர் மியூசியம் போனாலும் சாமி ஹாலுக்குக் காவல் இருக்கிற ஆளிடம் போவேன். நல்ல ஹோட்டல் எது என்று கேட்கமாட்டேன். நீங்க இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க, எங்க சாப்பிட்டீங்க என்று கேட்பேன். ஒரு தடவைகூடத் தப்பியது கிடையாது. ஒரு ஊரில் மட்டும் அந்த அண்ணாச்சி, இன்னும் ஒண்ணும் சாப்பிடலை என்றார். அவரையும் கூட்டிக்கொண்டு போனோம்.

போன மாசம் மகள் என்னை அதே மியூசியத்துக்குக் கூட்டிப் போனாள். அவளுக்கு மெட்ராஸில்தான் வேலை. அந்த மாடிப்படி வீடு இருந்த இடம் இப்போது கார் நிறுத்துகிற இடம். ஸ்டூலில் வேறொரு தம்பி. என்னப்பா சாப்பிட்ட என்று கேட்டேன். "இன்னும் ஆர்டர் வரலை ஆன்ட்டி" என்றான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நம்ம வழி இனி செல்லாது போல என்று நினைத்துக்கொண்டே மகளைத் தேடினேன். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு அம்மன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். போனில் சாப்பாட்டுப் படம். அதை அம்மன் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தாள்.

"பாத்துக்கோ தாயே. சாம்பார் சாதம். வெங்காயம் போடலைன்னு எழுதியிருக்கு."

போன் வெளிச்சம் அம்மன் முகத்தில் விழுந்தது. அவள் கையில் அன்றைக்கும் பூ இல்லை, இன்றைக்கும் இல்லை.

அன்றைக்கு அவளிடம் காட்ட நான் ஒன்றுமே கொண்டுபோகவில்லை... வயிற்றில் இருந்த இவளைத் தவிர.