மீதி எட்டு பிட்

பகலில் நான் பனியன் கம்பெனியில் செக்கிங். கறை தெரிந்தால் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. ஞாயிறுகளில் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் என் வீட்டுப் பின்னறை ஸ்டுடியோ ஆகிவிடும். சத்தம் எதிரொலிக்காமலிருக்கச் சுவரெல்லாம் வேஸ்ட் துணி. நடுவில் சவுண்ட் இன்ஜினியர் என்று இன்னொரு வேஸ்ட்.

சாமளாபுரத்துத் தறிக்காரர் ஒருவர் மனைவியோடு வந்து முருகன் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டுப் போனார். தொண்டையில் கட்டி; நாலு நாளில் ஆபரேஷன். பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கடைசி ‘முருகா’ எங்கே முடிந்தது, மூச்சு எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை.

பதிந்தது இருபத்து நான்கு பிட்; பிட் கூடக்கூட ஒலியை அளக்கும் படிகள் நுணுக்கமாகும். பாட்டைப் போடப்போகிற அவர்கள் ஊர்க் கோயில் பிளேயருக்குப் பதினாறுதான் ஆகும். மாற்றும்போது, ‘டிதர்’ சேர்க்கட்டுமா, மெல்லிய இரைச்சல் கலக்கும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. கறை பிடித்தே வயிறு வளர்ப்பவன், நானே கறை வைப்பேனா? வேண்டாம் என்றேன். பழைய ஃபைல் மேலேயே எழுதட்டுமா என்றது. கேள்வியை முழுதாகப் படிக்கும் வழக்கம் நமக்கு ஏது? எழுது என்றேன்.

மூன்று வாரம் கழித்து, அவர்கள் வருகிற காலையில்தான் கேட்டுப் பார்த்தேன். ‘முருகா’ பாதியில் கரகரவென்று நொறுங்கி, சட்டென்று அறுந்தது. படிகளைக் குறைத்ததில் மெல்லிய குரலுக்குக் கால்வைக்க இடமில்லை. அந்த இரைச்சல் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது இறங்கியிருக்கும். ஒரிஜினலைத் தேடினேன். இல்லை. மறுபடி பாடச் சொல்ல, பாடியவரிடம் இனிக் குரலும் இல்லை.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

“ஏனுங்க, பேயடிச்சாப்ல நிக்கறீங்க?” என்றார் அந்தம்மா. கழுத்தில் துண்டு சுற்றிய கணவர் என்னையே பார்த்தார்.

“இருபத்தினாலு பிட்ட பதினாறாக் கொறச்சேனுங்க...”

“செரி, மீதி எட்டு பிட்டு எங்கீங்க?”

அந்தம்மாவுக்குக் கட்டிங் செக்‌ஷனில் வேலை. பிட் என்றால் அவருக்கு வெட்டி மிஞ்சும் துண்டுத்துணி.

“அது... போயிருச்சுங்க.”

“எப்படிங்க போவும்? நாங்கெல்லாம் கீழ உழுந்த துண்டக்கூட மூட்டை கட்டி வெப்பமுங்க. நல்லாத் தேடுங்க. இந்த மேசயப் பாத்தா, நீங்க எதையுங் கூட்டித் தள்ற ஆளாத் தெரியலீங்க.”

அந்த அவமானத்தில்தான் பொறி தட்டியது. ரெக்கார்டரின் மெமரி கார்டு! பாட்டு முதலில் பதிந்தது அதில்தான். அன்றே அழித்திருக்க வேண்டும், சோம்பலில் விட்டிருந்தேன். செருகினேன். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கணவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இருந்தது.

இந்த முறை டிதர் போட்டு மாற்றி, ஒலிக்கவிட்டேன். ‘முருகா’ இளைத்து, இளைத்து, உடையாமல் இரைச்சலுக்குள் இறங்கியது. பாடியவரின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன.

“பின்னால உஸ்ஸுங்குதே, என்னதுங்க?” என்றார் அந்தம்மா.

“நானே வெச்ச கறைங்க.”

கணவர் கையை நீட்டி ரெக்கார்டரைக் காட்டினார். புரிந்தது. இந்த ஆளிடம் இனி எதையும் விட்டுவைக்கக் கூடாது என்கிறார். கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். அந்தம்மா அதைச் செல்போன் கவருக்குள் பத்திரப்படுத்தினார்.

“எட்டு பிட்டுஞ் சேத்தித்தானுங்களே?”

“சேத்தித்தானுங்க,” என்றேன்.